இழுப்பு இல்லாத நாட்களின் நோய்

மூச்சுக்குழாய்ச் சுவரில் செல்களை ஒட்டிவைத்திருக்கும் புரதங்கள் சொல்லும் ஆஸ்துமா கதை வேறு. காதுக்குக் கேட்கும் கதை வேறு.

ஆஸ்துமாவுக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இழுப்பு, இரைப்பு, இளைப்பு, ஈளை. இந்திக்காரர்கள் தமா என்கிறார்கள். ஆஸ்துமா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் மேல்மூச்சு வாங்குவது என்பதுதான் மூலப் பொருள். எல்லாமே காதால் கேட்டு வைத்த பெயர்கள். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் நோய் வந்திருக்கிறது. சத்தம் நின்றால் நோய் போய்விட்டது. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில், குழந்தை சாதாரணமாக ஓடியாடித் திரியும் வாரங்களில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறதோ, அதற்கு இந்தப் பெயர்களில் இடமில்லை.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் இந்தக் காதுக் கணக்கை நம்பி மூன்று வருடங்களைக் கழித்தது. கணவர் மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். மனைவி பள்ளி ஆசிரியை. பையனுக்கு ஆறு வயது. முதல் இழுப்பு மூன்று வயதில், நவம்பர் மாத இரவு ஒன்றில் வந்தது. தீபாவளிப் புகைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு நாள் முன்பிருந்தே பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததை அம்மா மட்டும் கவனித்திருந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு முறையாவது நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. நெபுலைசர் முகமூடியோடு பையனை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டில் இரண்டு பம்ப்கள் உண்டு. நீலப் பம்ப்பின் மேல் எல்லோருக்கும் மரியாதை. இரண்டு முறை அழுத்தினால் சில நிமிடங்களில் விசில் அடங்கும், பையன் தூங்கிவிடுவான். இன்னொன்று ஸ்டீராய்டு. காலையிலும் இரவிலும் போட வேண்டும். போட்டால் எதுவும் நடந்ததாகத் தெரியாது. போடாவிட்டாலும் சில வாரங்களுக்கு எதுவும் நடக்காது. அப்படிப்பட்ட மருந்துக்கு எந்த வீட்டில் மதிப்பு இருக்கும்? "இழுப்பு நின்னு பதினஞ்சு நாளாச்சு. இன்னும் எதுக்குடி அந்த ஸ்டீராய்டு? பழக்கமாயிடும்" என்று திருச்சியிலிருந்து போனில் சொல்வார் பாட்டி. மகளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பம்ப் அலமாரிக்குள் போய்விடும். அடுத்த சளியோடு வெளியே வரும்.

நான்காவது குளிர்காலம் தொடங்கும்போது போன அரசு ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய்ப் பிரிவு டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு செங்கல் சுவர் வரைந்தார். செங்கற்களுக்கு நடுவே இருந்த கோடுகளை அங்கங்கே கிறுக்கி மறைத்தார். "செங்கல் நல்லாத்தான் இருக்கு மேடம். நடுவுல இருக்கிற காரைதான் உதிர்ந்துபோச்சு. நீலப் பம்ப் சாத்தின கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். சுவரைப் பூசாது" என்றார் இந்தியில். ஆசிரியை சொல்லித்தரும் பாடம் சரித்திரம். என்றாலும் அந்தக் காரை என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை.

காரை என்று டாக்டர் சொன்னது வெறும் உவமை அல்ல. மூச்சுக்குழாயின் உட்புறம் மெல்லிய செல் படலத்தால் போர்த்தப்பட்டிருக்கிறது. காற்றோடு வரும் தூசு, புகை, கிருமி, மகரந்தம் எல்லாம் முதலில் மோதுவது இதன் மேல்தான். நெருக்கியடித்து நிற்கும் இந்தச் செல்களை ஒன்றோடொன்று கட்டிவைப்பவை புரதங்கள். மேல்விளிம்பில் கிளாடின், அக்லூடின் என்ற புரதங்கள் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் மாதிரி இடுக்கை அடைக்கின்றன. அதற்குக் கீழே ஈ-கேடெரின். ஒரு செல்லிலிருந்து நீளும் ஈ-கேடெரின், பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் இன்னொரு ஈ-கேடெரினுடன் கைகோத்துக்கொள்கிறது. இன்னும் கீழே, ரவிக்கையின் பிரஸ் பட்டன் போல, டெஸ்மோசோம் என்ற உறுதியான ஒட்டுப் புள்ளிகள்.

கேடெரின் அகப்பட்ட கதை சுவையானது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மசடோஷி டகெய்ச்சி, செல்களைத் தனித்தனியாகப் பிரிக்க டிரிப்சின் என்ற, புரதத்தை அரிக்கும் என்ஸைமைப் பயன்படுத்துவார். பிரிந்த செல்கள் சிறிது நேரத்தில் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். 1970களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்குப் போய் அதே வேலையைச் செய்தபோது செல்கள் ஒட்ட மறுத்தன. அங்கே டிரிப்சினோடு, கால்சியத்தைப் பிடித்து விலக்கிவிடும் ரசாயனம் ஒன்றையும் சேர்ப்பது வழக்கம் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. கால்சியம் இருந்தால் ஒட்டுப் புரதம் டிரிப்சினிடமிருந்து தப்பிவிடுகிறது. இல்லாவிட்டால் அரிபட்டுப் போகிறது. இரண்டு ஆய்வுக்கூடங்களின் சமையல் குறிப்பில் இருந்த இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து ஒரு பெரிய துறையே பிறந்தது. 1977ல் டகெய்ச்சி இதை எழுதினார். 1984ல் அந்தப் புரதத்துக்குக் கேடெரின் என்று பெயர் வந்தது. 2005ல் அவருக்கு ஜப்பான் பரிசு கிடைத்தது.

ஆஸ்துமாவில் இந்தச் சுவர் உதிர்வதை டாக்டர்கள் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள், எது அறுந்துபோனது என்று தெரியாமல். ஆஸ்துமாக்காரர்களின் கோழையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் மூச்சுக்குழாய்ச் செல்கள் கொத்துக்கொத்தாகக் கழன்று வந்திருக்கும். அனுபவமில்லாதவர் புற்றுநோய் என்று பயந்துவிடக்கூடிய அளவுக்குப் பெரிய கொத்துகள். 1962ல் பெர்னார்ட் நெய்லர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். கிரியோலா உருண்டைகள் என்று இவற்றுக்குப் பெயர். கிரியோலா என்பது அந்தக் கொத்துகள் காணப்பட்ட ஒரு நோயாளியின் பெயர். மருத்துவத்தில் டாக்டர்களின் பெயர் நிலைப்பதுதான் வழக்கம். நோயாளியின் பெயர் நிலைப்பது அபூர்வம்.

பிற்பாடு ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழாயிலிருந்து துணுக்குகளை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தபோது, ஈ-கேடெரினும் அதன் கூட்டாளிப் புரதங்களும் குறைந்திருப்பது தெரிந்தது. இதில் கோழி முதலா முட்டை முதலா என்ற தகராறு உண்டு. வீக்கத்தால் ஒட்டு விட்டதா, ஒட்டு விட்டதால் வீக்கம் வந்ததா? இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆராய்ச்சியாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வு இந்த விவாதத்தில் முக்கியமானது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களை எடுத்து, உடம்புக்கு வெளியே ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தார்கள். அங்கே அலர்ஜி கிடையாது, புகை கிடையாது, ரத்த அணுக்கள் கிடையாது. அப்படியும் அந்தச் செல்கள் எழுப்பிய சுவர் மற்றவர்களின் செல்கள் எழுப்பிய சுவரை விட அதிகம் கசிந்தது. தகராறு இதோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் இழுப்பு இல்லாத நாளிலும் சுவர் பலவீனமாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அதிகமில்லை.

கசியும் சுவரை இன்னும் அரிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தலையணையிலும் ரஜாயிலும் வாழும் தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாத ஜீவன். அதன் கழிவில் இருக்கும் டெர் பி 1 என்ற பொருளும் டிரிப்சின் மாதிரி புரதத்தை அறுக்கும் என்ஸைம்தான். லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 1999ல் இதைச் செல் படலத்தின் மேல் விட்டுப் பார்த்தார்கள். குக்கர் வளையம் என்று மேலே சொன்ன அக்லூடின் அறுபட்டது. திறந்த இடுக்கு வழியாக அதே டெர் பி 1 உள்ளே நுழைந்தது. டகெய்ச்சி குடுவைக்குள் செய்ததைத் தில்லிக் குளிர்காலத்து ரஜாய் ஒரு குழந்தையின் தொண்டைக்குக் கீழே செய்கிறது. சிகரெட் புகையும் டீசல் புகைத் துகள்களும் ஒட்டுகளைத் தளர்த்துவது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. தீபாவளி மேல் பழி போட்டவர்கள் முழுக்கத் தப்பில்லை.

இது சுவரின் கதை. ஒட்டுப் புரதங்களுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அது ரத்தக் குழாய்க்குள் நடப்பது, இதற்கு நேர் எதிரானது. வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருப்பவை. நுரையீரலில் ஏதோ நடக்கிறது என்ற தகவல் கிடைத்தால் ரத்தக் குழாயின் உட்சுவர் சில ஒட்டுப் புரதங்களை வெளியே நீட்டுகிறது. செலக்டின் என்ற வகை ஓடுகிற அணுவைத் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறைக்கும். ஐகாம்-1, விகாம்-1 என்ற புரதங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்து நிறுத்தும். நின்ற அணு சுவரை ஊடுருவி நுரையீரலுக்குள் இறங்கும். ஆஸ்துமாவில் அதிகமாக இறங்குவது இயோசினோபில் என்ற அணு. விகாம்-1ஐப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அதனிடம் இருக்கிறது. ஆக, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டு குறைந்து, ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டு அதிகமான நோய் இது.

1990ல் இது பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. அந்த வருடம் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியான ஆய்வில், ஐகாம்-1ஐ மறைக்கும் ஆன்டிபாடியைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது நுரையீரலுக்குள் இறங்கும் இயோசினோபில்கள் குறைந்தன. மூச்சுக்குழாயின் பதற்றமும் தணிந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசலும் இதே ஐகாம்-1 என்று தெரிந்திருந்தது. ஒரே பூட்டு, இரண்டு திருடர்கள். பூட்டை மாற்றிவிட்டால் போதும் என்று மருந்துக் கம்பெனிகள் கிளம்பின.

முப்பது வருடங்களுக்குப் பிறகும் ஆஸ்துமாவுக்கு அப்படி ஒரு மருந்து கடைக்கு வரவில்லை. காரணத்தை ஊகிக்க மற்ற நோய்களைப் பார்க்கலாம். வெள்ளை அணுவின் கொக்கியை மறைக்கும் நடாலிசுமாப் என்ற மருந்து நரம்பு நோய் ஒன்றுக்காக 2004ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில மாதங்களிலேயே, 2005ல், சில நோயாளிகளுக்கு மூளையில் அபாயகரமான வைரஸ் தொற்று வந்ததால் விற்பனை நிறுத்தப்பட்டது. மூளையைக் காவல் காக்கப் போக வேண்டிய அணுக்களும் வழியில் ஒட்ட முடியாமல் போனதன் விளைவு. 2006ல் கடுமையான நிபந்தனைகளோடு அந்த மருந்து திரும்ப வந்தது. தோல் நோய்க்காக வந்த இதே பாணியிலான எஃபாலிசுமாப் 2009ல் ஒரேயடியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒட்டுப் புரதம் நுரையீரலுக்கு மட்டும் சொந்தமானதல்ல. உடம்பு முழுவதும் அதற்கு வேலை இருக்கிறது. குடலுக்குள் போகும் அணுக்களை மட்டும் தடுக்கும் மருந்து 2014ல் அனுமதி பெற்று நன்றாகவே வேலை செய்கிறது. நுரையீரலுக்கென்று அப்படி ஒரு விலாசத்தைப் பயன்படுத்தும் மருந்து இன்னும் அமையவில்லை.

தில்லியிலேயே இந்த வழியில் போனவர்கள் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தையொட்டி மால் ரோடில் இருந்த உயிர்வேதியியல் தொழில்நுட்ப மையத்தில் - பிற்பாடு ஐ.ஜி.ஐ.பி. என்று பெயர் மாறிய அதே இடம் - பலராம் கோஷும் சகாக்களும் ஒட்டுப் புரதங்களை அடக்கும் பொருட்களைத் தாவரங்களில் தேடினார்கள். பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தக் குழாயிலிருந்து எடுத்த செல்களை மஞ்சளில் கிடைக்கும் பொருளோடு வளர்த்தபோது, வீக்கத்தைத் தூண்டினாலும் ஐகாம்-1, விகாம்-1, ஈ-செலக்டின் ஆகியவை வெளியே தலைநீட்டுவது தடைபட்டது. இந்த முடிவு 1999ல் வெளியானது.

திருச்சிப் பாட்டி இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். பையனுக்கு இரவில் மஞ்சள் பால் கொடுக்கச் சொல்பவர் அவர்தான். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, வயிறு வேறு. மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகமிகக் கொஞ்சம். தட்டில் செல்களைக் குளிப்பாட்டிய அளவு நுரையீரலின் ரத்தக் குழாய்க்கு டம்ளர் பாலில் போய்ச் சேராது. பால் குடிப்பதில் தவறில்லை. பாலைக் கொடுத்துவிட்டுப் பம்ப்பை அலமாரியில் வைப்பதில்தான் தவறு. பக்கத்து வீட்டுக்காரர் சிபாரிசு செய்த ஹைதராபாத் விரால் மீனுக்கும் இது பொருந்தும். ஜூன் மாதத்தில் மிருகசீரிஷக் கார்த்தியன்று பத்தினி குடும்பத்தார் நாம்பள்ளிக் கண்காட்சி மைதானத்தில் உயிருள்ள மீன்குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து விழுங்கக் கொடுப்பதும், சைவர்களுக்கு வெல்லத்தில் கொடுப்பதும், அதற்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலேறி ஜனங்கள் வருவதும் பல தலைமுறை வழக்கம். ஜூன், இழுப்பு குறையும் மாதம் என்று பல வட இந்தியக் குடும்பங்களுக்கு அனுபவத்தில் தெரியும். நல்ல நாளில் சாப்பிட்ட மருந்துக்கு நல்ல பெயர் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. வேடிக்கை என்னவென்றால், நல்ல நாளில் போட வேண்டிய பம்ப்புக்கு அதே நாளில்தான் கெட்ட பெயர்.

ராமகிருஷ்ணபுரத்து அம்மா கவனித்த மூக்கு ஒழுகலுக்கு வருவோம். சளி பிடித்த எல்லாக் குழந்தைக்கும் இழுப்பு வருவதில்லை. சிலருக்கு மட்டும் ஆஸ்பத்திரி வரை போகிறது. ஏன்? 2014ல் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விடையைக் கொடுத்தார்கள். இரண்டு முதல் ஆறு வயதுக்குள் கடுமையான இழுப்பு வந்து பல தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,173 குழந்தைகளின் மரபணுக்களை, ஆஸ்துமா இல்லாத 2,522 பேரின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே ஆஸ்துமாவோடு சம்பந்தப்பட்டதாகத் தெரிந்த மரபணுக்களோடு, யாரும் எதிர்பார்க்காத புதியது ஒன்றும் தலைகாட்டியது. சிடிஎச்ஆர்3. கேடெரின் குடும்பத்தின் தூரத்து உறவு. மூச்சுக்குழாய்ச் செல்லின் மேல் உட்காரும் புரதம்.

அது அங்கே என்ன செய்கிறது என்று அப்போது தெரியவில்லை. அடுத்த வருடமே அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பதில் கிடைத்தது. 2006ல் கண்டுபிடிக்கப்பட்ட ரைனோ வைரஸ் சி என்ற வகை, மற்ற சளி வைரஸ்கள் போல ஐகாம்-1 வாசலில் நுழைவதில்லை. அதற்கு வாசல் சிடிஎச்ஆர்3. சிறு குழந்தைகளின் கடும் இழுப்புக்கு அதிகம் காரணமாக இருக்கும் வைரஸும் இதுதான். இந்தப் புரதத்தின் 529வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தால் அது செல்லின் மேற்பரப்பில் நிறைய வந்து உட்கார்கிறது. வாசல்கள் அதிகம், வைரஸ் அதிகம்.

பரம்பரை என்று சொன்னவுடன் குடும்பத்தில் விசாரணை ஆரம்பமாகிவிடும். இந்த வீட்டிலும் நடந்தது. கணவரின் அத்தைக்கு இழுப்பு உண்டு என்பது ஒரு தரப்பு வாதம். ஆசிரியையின் அப்பாவுக்குத் தும்மல் நிற்காது என்பது மறு தரப்பு. உண்மையில் ஆஸ்துமாவுக்கு ஆளாக்கும் எழுத்துதான் இந்த மரபணுவின் பழைய எழுத்து. காப்பாற்றும் எழுத்து மனிதனிடம் பிற்பாடு வந்தது. சிம்பன்ஸிகளிடம் இன்னும் பழையதுதான் இருக்கிறது. உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013ல் 56 சிம்பன்ஸிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் மூச்சு நோய் பரவி 5 செத்துப்போயின. ஆராய்ந்து பார்த்தால் மனிதக் குழந்தையின் சளி வைரஸான ரைனோ வைரஸ் சி. யார் வம்சத்திலிருந்து வந்தது என்ற கேள்வியைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் அத்தையோடும் அப்பாவோடும் நிற்காது.

எல்லாவற்றையும் விட நீலப் பம்ப்பைப் பற்றி லண்டனிலிருந்து 2024ல் வந்த ஆராய்ச்சிதான் அந்த டாக்டரின் படத்துக்கு உரை எழுதியது போல இருக்கிறது. கிங்ஸ் காலேஜின் ஜோடி ரோசன்பிளாட், செல் படலத்தில் நெரிசல் ஏற்பட்டால் என்ன ஆகும் என்று பல வருடங்களாக ஆராய்பவர். சாதாரணமாக, இடம் போதாவிட்டால் ஒன்றிரண்டு செல்கள் பிதுங்கி வெளியேறும். பக்கத்துச் செல்கள் ஒட்டை இழுத்து மூடிக்கொள்ளும். இழுப்பின்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே செல்கள் பம்பாய் லோக்கல் ரயில் கூட்டம் போல நசுங்குகின்றன. அப்போது வெளியேறுவது ஒன்றிரண்டல்ல, கொத்துக்கொத்தாக உதிர்கின்றன. எலிகளிலும் மனித மூச்சுக்குழாய்த் துண்டுகளிலும் இதை அவரது குழு பார்த்தது. நெய்லர் கோழையில் பார்த்த உருண்டைகளுக்கு அறுபது வருடம் கழித்துக் கிடைத்த விளக்கம்.

ஆக இழுப்பு என்பது நோயின் விளைவு மட்டுமல்ல. ஒவ்வொரு இழுப்பும் சுவரை இன்னும் கொஞ்சம் பெயர்த்துவிட்டுப் போகிறது. பெயர்ந்த இடத்தில் வீக்கம், கோழை, அடுத்த வைரஸுக்குச் சௌகரியம். நீலப் பம்ப்பில் இருக்கும் சால்பூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தியது. செல்கள் உதிர்வதை நிறுத்தவில்லை. எலிகளில் உதிர்வதை நிறுத்திய பொருள் கடோலினியம் என்ற உலோகம். மனிதர்களுக்கு மருந்தாகக் கொடுக்க அது லாயக்கில்லை. அந்த வழியில் நல்ல மருந்து வரலாம். அதுவரை இருப்பது, பழைய ஸ்டீராய்டு பம்ப்தான். அது வீக்கத்தை அடக்கி, உதிர்ந்த சுவர் தானாக மூடிக்கொள்ள அவகாசம் கொடுக்கிறது. ஸ்டீராய்டு பட்ட செல் படலத்தில் ஒட்டுகள் இறுகுவதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். இந்த வேலை சத்தமில்லாமல், வாரக்கணக்கில் நடப்பது. அதனால்தான் போட்டவருக்கு எதுவும் தெரிவதில்லை.

இது குடும்பக் கதையோடு முடிகிற விஷயமல்ல. 2019ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி இந்தியாவில் சுமார் 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் இந்தியாவின் பங்கு 40 சதவிகிதத்துக்கும் மேல். இந்த இடைவெளிக்குப் புகையையும் வறுமையையும் காரணம் சொல்லலாம், அவை உண்மையும்கூட. ஆனால் நீலப் பம்ப்பையும் மாத்திரையையும் மட்டும் நம்பி, தடுக்கும் பம்ப்பைத் தொடாமலே இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019ல் தன் பழைய யோசனையையே மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் 12 வயது முதலான பிள்ளைகளுக்கும் நிவாரணப் பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுப்பது சரியல்ல, ஸ்டீராய்டும் சேர்ந்தே போக வேண்டும் என்றது. அதற்கு முன் பல பத்து வருடங்களாக லேசான ஆஸ்துமாவுக்கு நீலப் பம்ப் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது மருத்துவ உலகமேதான். திருச்சிப் பாட்டியை மட்டும் குறை சொல்வானேன்?

ஸ்டீராய்டு என்ற பெயருக்கு இருக்கும் பயம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. நீண்ட நாள் பம்ப் போடும் குழந்தைகளின் உயரம் சிறிதளவு, சுமார் ஒரு சென்டிமீட்டர், குறையலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். அதற்காகத்தான் பம்ப் போட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்வது. ஆனால் கடும் இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் விழுங்கவும் ஊசியாகவும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டின் அளவோடு ஒப்பிட்டால் பம்ப்பில் போவது மிகவும் குறைவு. பழக்கமாகிவிடும் என்பது மட்டும் கட்டுக்கதை. பல் தேய்ப்பது பழக்கமாகிவிடும் என்பது போலத்தான் அது.

அந்தக் குளிர்காலத்தில் பையனுக்கு இரண்டு முறை சளி பிடித்தது. ஸ்டீராய்டு பம்ப் அலமாரிக்குள் போகவில்லை. முதல் தடவை மூன்று நாள் நீலப் பம்ப் தேவைப்பட்டது. இரண்டாவது தடவை இருமலோடு போய்விட்டது. பம்ப்பால்தானா, தலையணை உறையை வாராவாரம் வெந்நீரில் துவைத்ததாலா, வயது ஏறியதாலா என்று ஆசிரியை கேட்டார். ஒரு குழந்தையை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இன்னொன்றும் கேட்டார் ஆசிரியை. சிடிஎச்ஆர்3 பையனுக்கு எந்த மாதிரி இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமா? டாக்டர் சிரித்தார். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க மேடம்? அந்த வாசலை அடைக்கற மருந்து இன்னும் வரலை. அந்தக் காசுக்கு அவனுக்கு நல்ல ஸ்பேசர் ஒண்ணு வாங்குங்க. நேரா வாயில அடிச்சா மருந்துல பாதிக்கு மேல தொண்டையிலேயே தங்கிடுது." ஸ்பேசர் அன்றைக்கே வாங்கப்பட்டது. சில நூறு ரூபாய்.